அளவுச் சட்டை

2025 மே 3, சனி

கலியாண நாட்களும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் பொங்கலும் அடுத்தடுத்து வருகிற காலம் இது. மேசையில் இடமில்லாமல் துணிப்பைகள் மிஷினுக்குக் கீழேயும் போய்விட்டன. வட இலங்கை வன்னியில், பரந்தனில் என் தையல் கடை பத்துக்குப் பத்து அறைதான். ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடி, ஒரு கதிரை. அளவெடுப்பதெல்லாம் அங்கேதான்.

சாறியோடு ஒரு பழைய பிளவுஸையும் மடித்துக் கொண்டு வருவது இங்கே வழக்கம். அளவுச் சட்டை என்போம். எங்களுக்கு வேலை சுலபமாகும் என்று நினைத்துத்தான் தருகிறார்கள். ஆனால் யாரும் போன வருடத்துச் சட்டையைக் கொண்டு வருவதில்லை. உடம்பு எப்போது தங்களுக்குப் பிடித்திருந்ததோ அப்போது தைத்ததைத் தேடி எடுத்து வருவார்கள்.

இன்று வந்த ரீச்சர் கொண்டு வந்தது தன் கலியாணத்துச் சட்டை. இரண்டு பிள்ளைகள் பிறந்தாயிற்று. “இந்த அளவுக்கே தையுங்கோ அக்கா, பொங்கலுக்கிடையில மெலிஞ்சிடுவன்” என்றா. சட்டையின் மார்புச் சுற்று 32. ஆளைப் பார்த்தாலே 38 என்று தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லாமல் இஞ்சி ரேப்பை, அதுதான் அளவு நாடாவை, எடுத்தேன்.

ரேப் உடம்பில் பட்டதும் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக் கொண்டா. எல்லோரும் இப்படித்தான். அந்த அளவுக்கு வெட்டினால் பந்தியில் உட்காரும்போது கொக்கி தெறிக்கும். அதனால் நான் ரேப்பைப் பிடித்தபடியே ஏதாவது கேட்பேன். “மகன் இப்ப எத்தினையாம் ஆண்டு?” பதில் சொல்ல மூச்சை விட்டே ஆக வேண்டும். அந்த நேரத்தில் எண்ணைப் பார்த்து எழுதிவிடுவேன்.

மூச்சு விட்டதும் ரீச்சர் சொன்ன முதல் வார்த்தை, “சொறி அக்கா, நல்லாக் கொழுத்துப் போனன்.” எனக்கு விளங்காதது இதுதான். துணி அவவுடையது, காசு அவவுடையது, உடம்பும் அவவுடையது. என்னிடம் எதற்கு மன்னிப்பு?

38க்கே வெட்டினேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன். கூடினாலும் குறைந்தாலும் தையலைப் பிரித்துச் சரி செய்யலாம்.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். காலையிலேயே பள்ளிக்கூடத்தில் போய் வாக்குப் போட்டேன். வரிசையில் அரை மணித்தியாலம். அதற்குள் காதில் விழுந்தவை: “என்னடி இப்பிடிக் கறுத்துப் போனாய்”, “கழுத்தெலும்பு தெரியுது, புருசன் சாப்பாடு தாறேல்லையோ”, “தம்பியின்ர மனிசி நல்லா ஊதிப் போச்சு.” ஒருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மற்ற ஊரில் சுகமா என்று கேட்பார்கள், நாங்கள் உடம்பை விசாரிப்போம், அவ்வளவுதான்.

என்னையும் விடவில்லை. “முகம் வாடிப் போச்சு” என்றா ஒரு மாமி. “சித்திரை வெயிலுக்கை உங்கட முகமும் வாடும் மாமி, இந்தாங்கோ தண்ணி” என்று போத்தலை நீட்டினேன். சிரித்தபடி வாங்கிக் குடித்தா. சண்டையும் இல்லை, வாடின முகத்துக்கு நான் விளக்கம் சொல்லவும் இல்லை.

மே 11, ஞாயிறு

அக்காவின் மகள் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு வந்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. நண்பியின் கலியாணத்துக்கு முன் வெள்ளையாக வேண்டுமென்று ஏதோ ஒரு கிறீம் வாங்கிப் பூசியிருக்கிறாள். டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை, செய்த இடமும் இல்லை. முதல் இரண்டு கிழமை கண்ணாடி போல இருந்ததாம். நிறுத்தியதும் கன்னம் நெருப்பாகச் சிவந்து பரு பருவாக வந்துவிட்டது.

தோல் கிளினிக்கில் டொக்டர் அவளை ஏசவில்லை. அதற்கே அவருக்குக் கோடி புண்ணியம். இப்படியான கிறீம்களில் இரண்டு விதக் கேடு உண்டென்று விளங்கப்படுத்தினாராம். ஒன்று பாதரசம். தோல் நிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால் வெளுப்பாகத் தெரியும். ஆனால் உடம்புக்குள் போய்ச் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிறீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பதுதான் பல நாடுகள் வைத்திருக்கிற கணக்கு. மற்றது ஸ்டீரொயிட். அது தோலை மெல்லியதாக்கும். விட்டவுடன் இப்படிச் சிவந்து எரியும், அதற்குப் பயந்தே திரும்பப் பூசுவார்கள். இவளுக்கு வந்தது இரண்டாவது விதம்போல இருக்கிறது என்றாராம். ஆற மாதக்கணக்கு எடுக்கும்.

பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: “சித்தி, போட்டோவில நான் மட்டும் கறுப்பாத் தெரிவன்.” அதற்கு நான் “நீ வடிவுதான்” என்று சொல்லவில்லை. இந்த வயதில் சித்திமார் சொல்வதை யார் நம்புகிறார்கள்? மாம்பழ மஞ்சளில் ஒரு துணியும் கடும் பச்சையில் ஒன்றும் எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்த இரண்டும் எடுக்கிற எடுப்பு வெளிறின தோலில் வராது. இது ஆறுதல் வார்த்தை இல்லை, தொழில் தெரிந்த எவளும் சொல்வாள். மஞ்சளைத் தைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

மே 18, ஞாயிறு

கடை பூட்டு. 2009இல் யுத்தம் முடிந்த முள்ளிவாய்க்காலுக்கு, நினைவு நாளுக்காகப் போய் வந்தோம். அந்தக் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாகக் கஞ்சி குடித்தோம்.

வேறு ஊர்த் தையல்காரருக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரியும். வன்னியில் கை நீளமாக வைக்கச் சொன்னால் காரணம் கேட்கக்கூடாது. முதுகில் ரேப்பை வைக்கும்போது விரலில் ஒரு கட்டி தட்டுப்படும், உள்ளே ஷெல் பீஸ் இருக்கும். கழுத்து இறக்கம் வேண்டாம் என்பவர்களில் பாதிப் பேர் தோள் தழும்புக்காகத்தான் சொல்கிறார்கள். என் இடது முழங்கைக்கு மேலேயும் ஒன்று கிடக்கிறது. எக்ஸ்ரேயில் அரிசி மணி அளவில் வெள்ளையாகத் தெரியும். குளிர் நாளில் இழுக்கும், மற்றபடி தன்பாட்டில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எழுதித் தந்தால் மட்டும் முதலே சொல்ல வேண்டும். அந்த மிஷின் காந்தம், உள்ளே கிடக்கிற இரும்பை அசைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஒரு கலியாணப் பொம்பிளை வந்தாள். 2009இல் ஒன்பது வயது. தோளிலிருந்து முழங்கைவரை தழும்பு, ஓரிடத்தில் தடித்து மேலே எழும்பியிருக்கிறது. அப்படித் தடித்த தழும்புக்குள் ஊசி போட்டுத் தட்டையாக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். போட்டிருக்கிறாளாம், முன்பைவிட நன்றாக அமர்ந்துவிட்டதாம். கூட வந்த வருங்கால மச்சாள், “முக்கால் கை வையுங்கோ, வீடியோ எடுக்கிறவை” என்றா. பெண் என்னைப் பார்த்து, “சின்னக் கை அக்கா. பஃப் வேண்டாம்” என்றாள். மச்சாள் இரண்டாம் முறையும் சொன்னா. அவள் சாறியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அவர் இதைப் பாத்துட்டுத்தான் ஓம் எண்டவர். வீடியோக்காரனுக்கு ஏன் மறைப்பான்?” என்றாள்.

கொப்பியில் கை 5 அங்குலம் என்று எழுதினேன்.

மே 24, சனி

கடை பூட்டுகிற நேரத்தில் ஓர் அக்கா வந்தா. கணவர் மோட்டார் சைக்கிளோடு ரோட்டிலேயே நின்றுவிட்டார். திரைக்குப் பின்னால் போனதும் பையிலிருந்து அளவுச் சட்டையை எடுத்து மேசையில் போட்டா. “இது ரெண்டு இருந்த காலத்துச் சட்டை. இப்ப ஒண்டுதான். என்ன செய்யலாம் எண்டு பாருங்கோ.”

மார்புப் புற்றுநோய். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன், மீதி மருந்தெல்லாம் தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில். இடது பக்கம் முழுதாக எடுத்தாயிற்று, கக்கத்துக் கட்டிகளும் சேர்த்து. இத்தனை நாளும் கோயில், கலியாணம் ஒன்றுக்கும் போகவில்லை, வீட்டில் சோட்டியோடேயே இருந்தாவாம். இந்த முறை வற்றாப்பளைக்குப் பொங்க வேண்டும், நேர்த்தி. “சனம் பாக்குமெண்டு பயந்தன். பிறகு யோசிச்சன், கண்ணகை அம்மாளும் ஒண்டைப் பிச்சு எறிஞ்சிட்டுத்தானே மதுரையை எரிச்சவ. அவவுக்குப் பொங்க எனக்கென்ன வெக்கம்?” சொல்லிவிட்டு அவவே சிரித்தா. எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியில் நின்ற மனிசன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அளவெடுக்கும்போது அவ மூச்சைப் பிடிக்கவில்லை. நான் கண்டவர்களில் அப்படி நின்றவர்கள் குறைவு.

வேலைக்கு வருகிறேன். கக்கத்துக் கட்டிகளை எடுத்தால் அந்தப் பக்கக் கையில் நீர் தேங்கி வீங்கலாம். இறுக்கமான கை கூடாதென்று வார்ட்டில் மிஸ் சொல்லி விட்டிருக்கிறா. ஆகவே இடது கை வலதைவிட ஓர் அங்குலம் லூஸ், கைக்குழியும் அப்படியே. கையைப் பின்னால் கொண்டுபோக நோகிறது, கொக்கி முன்பக்கம். லைனிங்கோடு ஒரு பை வைத்துத் தைத்து அதற்குள் திண்டு. புண் ஆறும்வரை வெறும் பஞ்சு போதும், ஆறியபின் கொஞ்சம் பாரம் வேண்டுமாம். பாரமில்லாவிட்டால் உடம்பு ஒரு பக்கம் சரியும், தோளும் கழுத்தும் உளையும். சும்மா பார்வைக்கு மட்டும் வைக்கிற திண்டு இல்லை அது.

ஜூன் 1, ஞாயிறு

திண்டுக்குள் என்ன போடுவது என்று ஒரு கிழமை மண்டையைக் குடைந்தேன். அரிசி கல்லுப்போல இருந்தது, நடந்தால் சத்தமும் கேட்டது. கடுகு வழுக்கிக்கொண்டு கீழே போய்க் குவிந்தது. குரக்கன் சரியாக வந்தது. மெல்லிய பருத்தித் துணியில் குட்டித் தலையணை மாதிரித் தைத்து, குரக்கனைச் சுற்றிப் பஞ்சு. பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துத் திருத்தினேன். கடைக்காரத் தம்பி என்ன சாமான் என்று கேட்டான். மருந்து என்றேன்.

அக்கா போட்டுப் பார்த்தா. கையைத் தூக்கினால் திண்டும் மேலே ஏறியது. இரண்டு பிரஸ் பட்டன் வைத்துக் கீழே பிடித்துவிட்டேன், நின்றுவிட்டது. தோய்க்கும்போது கழற்றிவிடலாம். “மழையில நனைஞ்சா முளைச்சிடுமே?” என்று கேட்டா. முளைத்தால் விதைப்புக்கு எடுங்கோ என்றேன். சிவப்பிலும் ஒன்று தைக்கச் சொல்லிக் காசை முன்பணமாகத் தந்தா.

போகும்போது கடையில் நின்றவர்களிடம் தானாகவே கதை கொடுத்தா. கட்டியை முதலில் பிடித்தது சுகவனிதையர் கிளினிக்கிலாம். 1996இலிருந்து நடக்கிறது, எங்கள் பிரிவிலும் உண்டு. 35 வயதானவர்களை மிட்வைவ் மிஸ் வீடு தேடி வந்து கூப்பிடுவா. மார்பு, கருப்பைக் கழுத்து, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள், ஒரு சதம் செலவில்லை. போகாததற்கு நாங்கள் சொல்கிற காரணமும் வெட்கம்தான். உடுப்பை அவிழ்க்க வேண்டுமாம்.

புதன்கிழமை நானும் போனேன். இடுப்புச் சுற்றை அளந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் நீரிழிவு, இருதய வருத்தம் வரக்கூடிய வாய்ப்புக் கூடும் என்றா மிஸ். அங்குலத்தில் முப்பத்தொன்றரை. என் கொப்பியில் அதற்குள் அடங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், நானும் வெளியேதான். பின்னேரத்தில் குளக்கட்டில் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கூசவில்லை. அந்த எண் சீனி வருத்தத்துக்கான எண். அதைச் சொல்ல ஓர் அறையும், சொல்லத் தெரிந்த ஆளும் இருக்கிறார்கள். வாக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு அங்கே வேலையில்லை.

கண்ணாடிக்கு முன் நின்று நான் அழகு, நான் அழகு என்று தினமும் சொல்லச் சொல்லி யூடியூபில் ஒருத்தி சொல்கிறாள். செய்து பார்த்தேன். எனக்கு யாரோ நேர்முகத் தேர்வு வைத்ததுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஜூன் 14, சனி

பொங்கல் முடிந்தது. சனமான சனம். முல்லைத்தீவு ரோட்டில் பஸ் ஊர்ந்துதான் போனது. சிவப்புச் சட்டை அக்காவைப் பொங்கல் அடுப்பு வரிசையில் கண்டேன். பானையைத் தூக்கி வைத்துவிட்டுப் புகைக்குள்ளிருந்து கண்ணைக் கசக்கியபடி, “பட்டன் அசையேல்லை!” என்று கத்தினா. பக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன விளங்கியதோ.

இன்று கடையில் வேறு கதை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைக்கத் தாயும் அப்பம்மாவும் வந்திருந்தார்கள். மூன்று பேருமாகத் திரைக்குப் பின்னால். நான் ரேப்பை வைக்க முன்னமே அப்பம்மா தொடங்கிவிட்டா: “வயித்தைப் பாருங்கோ, எந்த நேரமும் ரொட்டி.” தாய், “நெஞ்சைக் குனிஞ்சு நட எண்டாலும் கேக்கிறாளில்லை.” பிள்ளை இரண்டு தோளையும் முன்னால் மடித்துக்கொண்டு நின்றது. அப்படி நிற்கிற பிள்ளைக்கு முதுகு அளவே சரியாக எடுக்க முடியாது. எடுத்தாலும் நிமிர்ந்தவுடன் சட்டை முன்பக்கம் இழுக்கும்.

இரண்டு பேரையும் வெளியில் இருக்கச் சொன்னேன். பிள்ளையிடம் வலைப்பந்தில் எந்த இடத்தில் விளையாடுகிறாய் என்று கேட்டேன். கோல் ஷூட்டராம். எப்படி எறிவாய் என்றதும் கையைத் தூக்கிக் காட்டினாள். முதுகு நிமிர்ந்தது, அளவு கிடைத்தது.

பின்னேரம் பழைய கார்ட்போட் மட்டையில் எழுதித் திரைக்கு மேலே தொங்கவிட்டேன்: “அளவெடுக்கும்போது தைக்கிறவரும் தைப்பிக்கிறவரும் மட்டும்.” அப்பம்மா அதற்குள் கொக்கி வாங்கத் திரும்பி வந்துவிட்டா. கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா.

“அப்ப கழுத்து இறக்கமா வைக்கிறியோ எண்டு நான் என்னண்டு பாக்கிறது?”

“தைச்ச பிறகு பாருங்கோ அம்மா.”

“தைச்ச பிறகு பாத்து என்ன, காசைக் குறைப்பியோ?”

குறைக்க மாட்டேன் என்றேன். கொக்கி அட்டை ஒன்றும் வெள்ளை நூல்கட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டு, தன் சாறிக்கும் ஒரு சட்டை தைக்க வேண்டும், வியாழக்கிழமை தனியாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனா.