எஞ்சின் பாஸ், லாக்புக் ஃபெயில்: பழைய செஸ்னா 172-க்கு ஆனுவல் முடித்த அனுபவம்

நாங்கள் நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கும் 172எம் விமானத்துக்கு ஒருவழியாக ஆனுவல் (வருடாந்திரப் பரிசோதனை) கையெழுத்து கிடைத்துவிட்டது. எஞ்சினிலோ பாடியிலோ பெரிய கோளாறு எதுவும் இல்லை. இழுத்தடித்தது முழுக்க முழுக்க காகிதம்தான். அமெரிக்காவில் பழைய செஸ்னா, பைப்பர் வாங்கும் நம்மவர்கள் அதிகமாகி வருவதால், எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

சுலபமாக முடிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் 80-க்கு 74-க்குக் குறையவில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பைப் பிரித்துப் பார்த்ததில் உலோகத் துகள் இல்லை. பிளக்குகளைச் சுத்தம் செய்து, இடைவெளி பார்த்து, மேல் கீழ் மாற்றிப் போட்டாயிற்று. ஆனுவலில் கையெழுத்திட அதிகாரம் உள்ள மெக்கானிக்கான ஐ.ஏ.வின் கண்காணிப்பில் கவர்களைக் கழற்றி மாட்டும் வேலையை நாங்களே செய்ததால் செலவும் குறைந்தது.

அதன் பிறகு அவர் லாக்புக்கைத் திறந்தார்.

எங்களுக்கு முன்பு விமானத்தைப் பராமரித்த ஷாப், வருடா வருடம் ஒரே வரியைத்தான் எழுதி வைத்திருந்தது: "பொருந்தும் எல்லா ஏ.டி.களும் நிறைவேற்றப்பட்டன." ஏ.டி. என்றால் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், அதாவது பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யச் சொல்லும் கட்டாய உத்தரவு. ஷாப் எழுதிய அந்த வரியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் 91.417 விதிப்படி ஒவ்வொரு ஏ.டி.க்கும் அதன் எண், திருத்தத் தேதி, எந்த முறையில் நிறைவேற்றப்பட்டது என்பது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதானால் அடுத்தது எந்தத் தேதியில், எத்தனை மணியில் என்பது வரை பதிவில் இருக்க வேண்டும். விமானம் கை மாறும்போது இந்தப் பதிவும் கூடவே போக வேண்டும். இல்லையென்றால் பொறுப்பு ஷாப்புடையது அல்ல, உரிமையாளருடையது. ஐ.ஏ. கையெழுத்துப் போட மறுத்தது நூற்றுக்கு நூறு சரி.

கண்ணால் பார்த்துத் தீர்க்கக் கூடிய ஏ.டி.கள் பரவாயில்லை, மறுபடி செய்து புதிதாக எழுதிவிடலாம். சீட் ரெயிலுக்கான 2011-10-09 அப்படிப்பட்டது. 100 மணி அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். சீட்டைக் கழற்றி, ரெயிலை வேக்குவம் போட்டுத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு துளையையும் அளக்க வேண்டும். சீட்டைப் பூட்டும் பின் (pin) உரசி உரசித் துளை முன்னும் பின்னுமாக நீண்டுபோகும். எந்தத் துளையும் 0.42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பூட்டும் பின் குறைந்தது 0.15 அங்குலமாவது ரெயிலுக்குள் இறங்க வேண்டும். துளைக்குள் மண்ணும் பழைய கிரீஸும் அடைத்திருந்தால் பின் பாதியில் நின்றுவிடும், ஆனால் சீட்டை ஆட்டிப் பார்த்தால் பூட்டியது போலவே தெரியும். இதை அலட்சியம் செய்யாதீர்கள். டேக்ஆஃபில் மூக்கு உயரும்போது சீட் பின்னால் நழுவினால், கையோடு யோக்கும் (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி) சேர்ந்து இழுபடும். மூக்கு அளவுக்கு மேல் உயர்ந்து விமானம் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். இந்த ஏ.டி. வந்ததே அதற்காகத்தான்.

உள்ளே மறைந்திருப்பவைதான் உயிரை எடுக்கும். லைகமிங் எஞ்சினின் ஆயில் பம்ப் இம்பெல்லருக்கான (ஆயிலைத் தள்ளும் பல்சக்கரம்) 96-09-10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகை இம்பெல்லரை மாற்றச் சொல்லும் ஏ.டி. அது, ஒரு தடவை மாற்றினால் போதும். ஆனால் எங்கள் எஞ்சினில் பம்ப் இருப்பது பின்பக்க ஆக்ஸசரி ஹவுசிங்குக்குள். எது போட்டிருக்கிறது என்று பார்க்க மேக்னெட்டோ, வேக்குவம் பம்ப் எல்லாம் கழற்றி, எஞ்சினையே முன்னால் நகர்த்தி, ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டும். லாக்புக்கில் ஓவர்ஹால் (எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தது) பதிவு இருந்தது, "ஆயில் பம்ப் ஏ.டி. செய்யப்பட்டது" என்றும் இருந்தது. ஏ.டி. எண்ணும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை.

பழைய ஷாப்புக்குப் போன் செய்தால் "பார்த்துச் சொல்கிறோம்" என்பதோடு சரி. நேரில் போய் நின்றால், கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைக்கூடத் தொடாமல், இரண்டு வருடத்துக்கு மேல் ஒர்க் ஆர்டர் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ரிப்பேர் ஸ்டேஷன்கள் 2 வருடம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் விதி, அதனால் அவரிடம் வாதாட வழியில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் வழி திறந்தது ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. ரெஜிஸ்ட்ரியில்தான். வால் எண்ணைக் கொடுத்து முழு ஆவணத்தையும் கேட்டால் சொற்பக் கட்டணத்தில் தந்துவிடுகிறார்கள். கேட்கும்போது ரெஜிஸ்ட்ரேஷன், ஏர்வொர்த்தினஸ் இரண்டு ஃபைலையும் கேளுங்கள். பலர் 337 படிவங்களுக்காக (பெரிய ரிப்பேர், மாற்றங்களின் பதிவு) இரண்டாவதை மட்டும் பார்ப்பார்கள். எங்களைக் காப்பாற்றியது முதலாவது. விமானத்தின் உரிமையாளர்கள் எல்லாருடைய விற்பனைப் பத்திரமும் அதில் வரிசையாக இருக்கிறது. ஓவர்ஹால் நடந்த காலத்து உரிமையாளருக்கு நேரடியாகக் கடிதம் போட்டோம். விமானத்தை விற்றுப் பல காலம் ஆகியும் ஓவர்ஹால் பில்லை அவர் பத்திரமாக வைத்திருந்தார்! மாற்றிய பாகங்களின் பட்டியலில் இம்பெல்லரின் பார்ட் நம்பர் தெளிவாக இருந்தது. ஏ.டி.யோடு ஒப்பிட்டுப் பார்த்த ஐ.ஏ., பில்லைச் சான்றாகக் குறிப்பிட்டுப் பதிவு எழுதினார். எஞ்சினைப் பிரிக்கும் செலவு அந்த ஒரு தாளில் தப்பியது.

ஏர்வொர்த்தினஸ் ஃபைலும் கை கொடுத்தது. காகித ஏர் ஃபில்டரை 500 மணிக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் 84-26-02 எங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் போட்டிருப்பது பிராக்கெட் ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஆனால் அது முறைப்படி எஸ்.டி.சி.யின் (மூல வடிவமைப்பை மாற்ற எஃப்.ஏ.ஏ. தரும் அனுமதி) கீழ் மாட்டப்பட்டதற்கு லாக்புக்கில் ஆதாரமே இல்லை. 337 படிவம் ரெஜிஸ்ட்ரி ஃபைலில் இருந்தது. பிராக்கெட்டின் ஸ்பாஞ்சையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; அந்தத் தேதியும் இப்போது பட்டியலில் ஏறிவிட்டது.

காகிதம் வரத் தாமதமானால் இன்னொரு வழியும் இருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் முடிந்தது, ஆனால் விமானம் ஏர்வொர்த்தி (பறக்கத் தகுதியானது) இல்லை என்று ஐ.ஏ. பதிவு செய்து, குறைகளின் பட்டியலைத் தனியாகக் கையெழுத்திட்டுத் தரலாம். அந்தக் குறைகளைத் தகுதியுள்ள வேறு மெக்கானிக் சரிசெய்து கையெழுத்திட்டால் போதும், இன்னொரு ஆனுவல் தேவையில்லை. அதுவரை பறக்க வேண்டுமானால் ஸ்பெஷல் ஃப்ளைட் பர்மிட் வாங்க வேண்டும்.

பழைய விமானம் வாங்கப் போகிறவர்கள் ரெஜிஸ்ட்ரி ஃபைலை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். ஏ.டி. பட்டியல் ஏர்ஃப்ரேம், எஞ்சின், புரொப்பெல்லர், மேக்னெட்டோ, இக்னிஷன் ஸ்விட்ச் என்று தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், செஸ்னா ஏ.டி.களை மட்டும் தேடினால் துணைக் கருவிகளுக்கு வந்தவை விட்டுப்போகும். லாக்புக்கை ஷாப்பில் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், கூடவே பில்களையும். ஓவர்ஹால் பில்லை மட்டும் எந்தக் காலத்திலும் தூக்கிப் போடாதீர்கள். விமானத்தை விற்கும்போது லாக்புக்கோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.