கியூர்பிப் ஈரமும் என் தகரக் கொட்டகையும்

கொட்டகையில் வைத்த பொருளெல்லாம் ஈரத்தில் பூசணம் பிடிக்கும் தொல்லை கியூர்பிப்காரர்களுக்குப் புதிதல்ல. மொரீஷியஸின் நடு மேட்டில், ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் ஊர். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கு நமக்குத்தான். குளிர்காலத்திலும் தூறல் விடாது. கீழே கடலோரத்துத் தலைநகர் போர்ட் லூயிஸில் என் மச்சான் இதே மாதிரிக் கொட்டகையில் கூடாரத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகிறான், ஒன்றும் ஆவதில்லை. என் கூடாரத்தில் கரும்புள்ளி, தோல் பூட்ஸில் வெள்ளைப் பூசணம்.

மலிவான ஈரப்பதமானி ஒன்று வாங்கினேன். அதை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பைச் சற்றே நனைத்து, மானியோடு ஜிப் பையில் அடைத்து இரவு முழுக்க விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 79 காட்டியது. சரி, 4 கழித்துக்கொள்ளலாம். கழித்துப் பார்த்தாலும் கொட்டகை 85-க்குக் கீழே வரவில்லை. 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூசணத்துக்குக் கொண்டாட்டம்.

சிமெண்ட் தரையில் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் எடுத்தால், அடியில் முத்து முத்தாக நீர். மண்ணிலிருந்தே ஏறுகிறது. தடித்த பாலிதீன் விரித்து, அதன்மேல் மரச்சட்டம் போட்டுப் பொருட்களைத் தூக்கிவைத்தேன்.

கூரை இன்னும் மோசம். தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 90 என்றால், தகரம் 16-க்கு இறங்கினாலே உள்பக்கம் வியர்த்து விடிகாலையில் சொட்டும். ஃபோம் ஷீட் ஒட்டியதும் சொட்டு நின்றது. இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஷீட்டுக்குப் பின்னால் வியர்க்கும்.

‘ஜன்னலைத் திறந்து வை’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெளியே மூடுபனியாக இருக்கும்போது திறந்தால் எந்த ஈரம் வெளியே போகும்? வெயில் அடிக்கும் மதியம் மட்டும் திறக்கிறேன்.

அப்புறம்தான் கொட்டகையைக் காயவைக்கும் ஆசையை விட்டுவிட்டு, பெட்டியைக் காயவைக்க ஆரம்பித்தேன். ரப்பர் விளிம்பு வைத்த மூடிப்பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள். ஈரம் குடித்துப் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், பழையபடி ஆரஞ்சு. கூடாரத்தைத் தையல்வரை காயவைக்காமல் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். இப்போது பெட்டிக்குள் 50-ஐ ஒட்டி நிற்கிறது.

கால்சியம் குளோரைடு நன்றாகவே உறிஞ்சும், ஆனால் கரைந்து உப்புநீராகிறது. மீன்பிடி ரீலில் பட்டால் அரித்துவிடும். அதனால் பெட்டிக்கு வெளியே, மூலையில் ஒரு வாளியில்தான். அடுப்புக்கரி வாடையைக் கொஞ்சம் எடுக்கும், ஈரத்துக்கு அது போதாது. கூடாரத்தின் கரும்புள்ளியைத் தண்ணீர் கலந்த வினிகரில் துடைத்தேன். வாடை போனது, கறை போகவில்லை. பிளீச் போட்டால் நீர் புகாத பூச்சு கெடும், தொடவில்லை.

பூட்ஸ் மட்டும் பெட்டிக்குள் இல்லை. தோல் ஒரேயடியாகக் காய்ந்தாலும் வெடிக்கும். மெழுகு தடவி வீட்டுக்குள் காற்றாடும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.