பாட்டும் கிட்டாரும் ஒரே டேக்கில்

வீட்டில் ரெக்கார்டிங் செய்பவர்கள் பலரும் கிட்டாரை முதலில் பதிந்துவிட்டு, ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே குரலைத் தனியாகப் பாடுவார்கள். வசதியான வழிதான். ஆனால் என் பாட்டுக்கு அது ஒத்துவருவதில்லை. சரணத்துக்குள் நுழையுமுன் மூச்சு வாங்கும்போது என் வலது கை தானாகவே கொஞ்சம் தாமதிக்கும். மேல் ஸ்தாயிக்குக் குரல் ஏறினால் ஸ்ட்ரம் அடங்கும். தனித்தனியாகப் பதிந்தால் இந்த உறவே அறுந்துபோகிறது.

சேர்த்துப் பதிவதில் உள்ள சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குரல் மைக்கில் கிட்டார் ஏறும், கிட்டார் மைக்கில் குரல் ஏறும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒரே குரல் இரண்டு மைக்குக்கும் முன்பின்னாக வந்து சேர்வதால், இரண்டு ட்ராக்கையும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டப்பாவுக்குள் பாடுவது போலக் கேட்கும்.

இதற்கு நான் நம்புவது ஃபிகர்-8 மைக்கைத்தான். முன்பக்கத்தையே முக்கியமாகக் கேட்கும் கார்டியாய்டு மைக், பக்கவாட்டு ஒலியை 6 டெசிபல் அளவுக்கே குறைக்கும். ஃபிகர்-8 முன்னும் பின்னும் கேட்கும். சரியாக 90 டிகிரி பக்கத்தில் அதற்குக் காது கிட்டத்தட்ட இல்லை. அந்தச் செவிட்டுப் பக்கம் கிட்டாரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். குரல் மைக்கை வாய்க்குச் சற்றுக் கீழே, 20 சென்டிமீட்டர் தள்ளி, லேசாக மேல்நோக்கிச் சாய்த்து வைக்கிறேன். குரல் சேனலை மட்டும் ஹெட்போனில் ஏற்றி, ஒரு கையால் கம்பிகளைத் தட்டிக்கொண்டே மறு கையால் மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவேன். ஓர் இடத்தில் கிட்டாரின் சதை சட்டென வற்றி, தூரத்து அறையில் வாசிப்பது போல மெலிந்துவிடும். அங்கேயே திருகை இறுக்கிவிட வேண்டும். அந்த இடம் மிகக் குறுகலானது. அதனால் பாடும்போது நாற்காலியில் நெளியக்கூடாது.

கிட்டாருக்கும் இன்னொரு ஃபிகர்-8, 12ஆம் ஃபிரெட்டுக்கு எதிரே 25 சென்டிமீட்டரில், அதன் செவிட்டுப் பக்கம் வாயைப் பார்க்கும்படி. இந்த மைக்குகள் பின்னாலும் கேட்பதால், அவற்றுக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுவது கட்டாயம். அருகில் பாடினால் அடிச்சுரம் வீங்கும், கார்டியாய்டைவிட அதிகமாகவே. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறேன். லெவல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருந்தால் போதும்.

கிளிக், அதாவது ஹெட்போனில் தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி, வைத்துக்கொள்வதில்லை. அது ஹெட்போனிலிருந்து மைக்கில் கசியும் என்பதைவிட, நான் சொன்ன அந்தத் தாமதத்தைக் கொன்றுவிடும் என்பதே காரணம்.

பிசகிய வரியை மட்டும் மாற்ற முடியாதே என்று கேட்பீர்கள். முடியாதுதான். முழுப் பாட்டையும் பல டேக் பாடிவிட்டு, நல்ல சரணத்தை அப்படியே எடுத்து ஒட்டுகிறேன். வெட்டும்போது இரண்டு ட்ராக்கும் ஒரே புள்ளியில் சேர்ந்தே வெட்டுப்பட வேண்டும். ஸ்ட்ரம் விழுவதற்குச் சற்று முன்பாக வெட்டினால் ஒட்டுத் தெரியாது.