கம்பி சொல்லிக்கொண்டிருந்தவை

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு கணினியும், அதோடு இணைந்த, திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்ட நாற்பது டெர்மினல்களும் இருந்தன. ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு கேபிள் கிளம்பி சர்வர் அறைக்கு வரும். எது எந்த மேசையுடையது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்தான் ஆவணம்.

மேல்தளம் கட்டியதும் தொல்லை தொடங்கியது. டெர்மினலைக் கணினியோடு இணைக்கும் ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிளுக்குப் பழைய கணக்கு அதிகபட்சம் 50 அடி. நாங்கள் அதைவிட நீளமாக இழுத்திருந்தோம். லிஃப்ட் ஓடினால் திரையில் குப்பை எழுத்துகள் கொட்டும். சரி என்று டெர்மினல் சர்வர்கள் வாங்கினோம். டெர்மினல்களுக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் பெட்டி அது. ஒரு பக்கம் டெர்மினல்களுக்குப் பதினாறு சீரியல் போர்ட்டுகள், மறுபக்கம் கணினிக்குப் போகும் ஈதர்நெட் நெட்வொர்க். (அந்தப் போர்ட்டுகள் ஆர்ஜே-45 வடிவில் இருந்தன. பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் முழுக்கப் போனது.)

முதல் நாள் காலையிலேயே கிடங்குச் சீட்டுகள் கணக்குப் பிரிவு பிரிண்டரில் வந்து விழுந்தன. எங்கள் மென்பொருள் டெர்மினல் எண்ணைப் பார்த்துத்தான் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும். நேரடிக் கேபிளில் அந்த எண் மாறவே மாறாது. டெல்நெட்டில், அதாவது பெட்டியிலிருந்து நெட்வொர்க் வழியாக வந்தால், லாகின் செய்கிற வரிசையில் எண் கிடைக்கும். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு முதல் எண். கடைசியில் திசையை மாற்றினோம். பெட்டியின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு நிலையான டிசிபி எண் (நெட்வொர்க்கில் அந்தப் போர்ட்டை அழைக்கும் எண்) உண்டு. கணினியே அந்த எண்ணை அழைத்து, அதற்கு மாறாத சாதனப் பெயர் ஒன்றைக் கொடுக்கும்படி செய்தோம்.

அடுத்தது என் சொந்தப் பிழை. "சார், இந்தப் பார்ட்டி கணக்கைத் திறக்கவே முடியலை" என்று தினமும் ஒரு போன் வரும். போய்ப் பார்த்தால், முந்தைய நாள் மாலை டெர்மினலை அணைத்துவிட்டுப் போனவரின் செஷன் அந்த ரெக்கார்டை இன்னும் பூட்டிவைத்திருக்கும். முன்பெல்லாம் டெர்மினலை அணைத்தால் 20ஆம் பின்னில் இருக்கும், டெர்மினல் தயாராக இருக்கிறது என்று சொல்லும் டிடிஆர் சிக்னல் விழும். கணினி அதை இணைப்பு துண்டிப்பாக எடுத்துக்கொண்டு செஷனை முடித்துவிடும், பூட்டும் விடுபடும். புதிய கேபிள்களில் செலவு மிச்சம் என்று அனுப்ப, வாங்க, கிரவுண்ட் என மூன்றே கம்பிகள் போட்டது நான்தான். டெர்மினல் அணைந்தது பெட்டிக்கே தெரியாது, அது கணினிக்கு எப்படிச் சொல்லும்?

டிடிஆர் கம்பியைச் சேர்த்து, அதைக் கவனிக்கும்படி பெட்டியை அமைத்த பிறகும் தொல்லை முழுதாகப் போகவில்லை. பெட்டிக்கே கரண்ட் போனால்? டிசிபி இணைப்பில் யாரும் எதுவும் அனுப்பாதவரை மறுமுனை செத்துப்போனது தெரியாது. நாள்கணக்கில் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதற்குத்தான், மறுமுனை இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்டுப் பார்க்கும் கீப்அலைவ் இருக்கிறது. ஆனால் அதன் வழக்கமான இடைவெளி இரண்டு மணி நேரம். வரிசையில் ஆள் நிற்கும்போது இரண்டு மணி நேரம் யார் காத்திருப்பார்கள்? ஐந்து நிமிடமாகக் குறைத்தேன். வீண் டிராஃபிக் என்று ஒருவர் முணுமுணுத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம், பெட்டியில் மாட்டியிருந்த எடை மேடை. எடை நின்றதும் எண்ணை ஒரு வரியாகத் தானே அனுப்பும். நேரடிக் கேபிளில் வரி முடியும்வரை யூனிக்ஸே சேர்த்துவைத்துத் தரும். அதை டிசிபி வழியாக நேரே படித்த புதிய நிரலுக்கு அந்த வசதி இல்லை. 1200 பாட் (விநாடிக்கு 1200 பிட்) வேகத்தில் ஓர் எழுத்து வர சுமார் 8 மில்லிசெகண்ட் ஆகும். பெட்டி வரி முடியும்வரை பொறுக்காமல் கையில் வந்ததை அனுப்பிவிடும். 48.350 கிலோ மூட்டை ஒரு பதிவில் 4 ஆகவும் அடுத்ததில் 8.350 ஆகவும் ஏறியது. 4 கிலோ மூட்டையைப் பார்த்துக் கிடங்கில் சிரித்ததால் பிடித்தோம். 48.3 என்று வெட்டுப்பட்டு யார் கண்ணிலும் படாமல் போனவை எத்தனையோ. வரி முடிவு வரும்வரை சேர்த்துப் படிக்க வேண்டும், திருத்தம் அவ்வளவுதான். ஆனால் அந்த மாதக் கையிருப்பை மறுபடி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. பெட்டி முகவரி, போர்ட் எண் என்று இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன. மேசைக்காரர் பெயரை மட்டும் பென்சிலில் எழுதுகிறோம்.