மல்லிகை காத்திருக்காது

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, எங்கள் தோட்டத்தில் மல்லிகை நிறைந்து பூக்கும் பருவம் பிறந்திருந்தது. வேளாண் பணிகளுக்கு இரண்டே நாட்களில் விலக்கு அளிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கோயில்கள் அடைக்கப்பட்டு, திருமணங்கள் தள்ளிப்போய், பேருந்துகளும் நின்றுவிட்ட நிலையில், பறித்த பூவை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த விலக்கில் விடை இல்லை. நெல்லையும் மஞ்சளையும் மூட்டை கட்டி இருப்பு வைக்கலாம். விடியலில் மொட்டாகப் பறிக்கும் மல்லிகையோ அன்று மாலையே விரிந்துவிடும். செடியிலேயே விட்டால் அடுத்த அரும்பு குறையும் என்பதால் கூலி கொடுத்தே பறித்தோம். ஈரச் சாக்கில் கிடந்த மொட்டுகள் அந்தியில் ஒருசேர விரிந்தபோது, அந்த மணம் தாங்கமாட்டாமல் என் தாயார் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் அனைத்தையும் எருக்குழியில் கொட்டினோம்.

மே 5 அன்று கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டது. திருமழிசைக்கு மாற்றப்பட்ட காய்கறி மொத்த வணிகம் செப்டம்பர் இறுதியில்தான் திரும்பியது. மாநகரத்துக்கு வேண்டிய காய், கனி, பூ மூன்றையும் ஒரே வளாகத்தில் குவித்திருந்ததால்தான், அந்த ஒரு கதவு அடைபட்டதும் பல மாவட்டங்களின் விளைச்சல் வழியிலேயே தேங்கியது என்று உறுதியாக நம்புகிறேன். எங்கள் ஊரைச் சுற்றிப் பூவுக்கென ஒரு குளிர்பதனக் கிடங்கு இன்றும் இல்லை. அதைக் கேட்டு மீண்டும் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.