"சிஸ்டர், குத்திடுச்சு"

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, நைட் டியூட்டி, 28 நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டே பேர். விடியற்காலை 4 மணிக்கு ஒரு பெரியவருக்கு இரத்தம் எடுத்து முடித்தேன். அடுத்த கட்டிலில் ட்ரிப் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பா வார்டின் அந்தக் கோடியில் இருந்தது. சரி, ஊசிக்கு மூடியைப் போட்டு வைத்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தேன். மூடும்போது இடதுகை ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. கிளவுஸுக்குள் ஒரு சொட்டு இரத்தம் மெல்லப் பரவியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் முன்பு இதேபோல் குத்திக்கொண்டு வந்து சொன்ன ஒரு அக்காவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, "கவனம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டு, விளக்கக் கடிதம் எழுதி வாங்கியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? காலையில் தாம்பரம் ரயிலில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டு போனேன். அந்த இரத்தத்திலிருந்து ஏதாவது நோய் தொற்றியிருக்குமோ என்று அப்புறம் பல மாதம் தூக்கமே இல்லை. கடைசியில் வெளியே ஒரு லேபில் டெஸ்ட் எடுத்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று அம்மாவிடம்கூடக் காரணம் சொல்லாமல் அழுதேன்.

சொல்லாமல் இருந்ததில் போனது நேரம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் இன்னும் எளிதாகத் தொற்றும். அதற்கு 3 டோஸ் தடுப்பூசி உண்டு. நான் அப்போது ஒன்றுதான் போட்டிருந்தேன். மீதியை யாரும் கேட்கவும் இல்லை, நினைவுபடுத்தவும் இல்லை.

அடுத்து வேலை பார்த்த இடத்தில் ஓர் இன்சார்ஜ் சிஸ்டர். ஒரு ஜூனியர் பெண்ணுக்கு ஊசி குத்தியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கை கழுவிட்டியாம்மா? பிழியாத, சோப்பு போட்டுத் தண்ணில காட்டு." அவளுடைய நோயாளிகளை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தானே கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போனார். மறுநாள் அவர் விசாரித்தது அந்தப் பெண்ணை அல்ல, டப்பாவை. ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது? குத்தினால் துளையாத வெள்ளை டப்பா வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகளில் இருக்கிறது. எங்களிடமும் இருந்தது, கைக்கு எட்டாத இடத்தில். ஒரு வாரத்தில் ஒவ்வொரு டிராலியிலும் ஒன்று வந்தது. ஊசிக்கு மூடி போடும் பழக்கம் தானாகவே நின்றது.

அமெரிக்காவின் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் 2005இல் ஆரோக்கியமான பணிச்சூழலுக்கு ஆறு அளவுகோல்கள் வகுத்தது. போதுமான ஆள், நல்ல தலைமை இரண்டும் அதில் உண்டு. ஆள் போதாத வார்டில் அந்த சிஸ்டரே இருந்தாலும் ஓட்டம் குறையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பயமில்லாமல் வந்து சொல்ல ஒருவர் இருந்தால்தான், டப்பா தூரமா ஆள் குறைவா என்பதே மேலே தெரியவரும்.

இப்போது நான் இன்சார்ஜ். போன மாதம் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி நர்சிங் ஸ்டேஷனுக்கு நேராக நடந்து வந்தாள். டாக்டர், அட்டெண்டர், எல்லாரும் நின்றிருந்தார்கள். ஈரக் கையை நீட்டி, "சிஸ்டர், குத்திடுச்சு. கழுவிட்டேன்" என்றாள். மணி பார்த்தேன். குத்தி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.