கண்ணாடி அறையிலிருந்து: ஒரு டிரம்மரின் நாட்குறிப்பு

2024 ஜூலை 9, செவ்வாய்

பரணிலிருந்து ஸ்நேர் டிரம்மை, கீழ்த்தோலில் கம்பி கட்டிய அந்தச் சின்ன டிரம்மை, இறக்கினேன். பேத்தி டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. "தாத்தா, உங்களுடையதைக் காட்டுங்க" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். 1978ல் மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கியது. பதினான்கு அங்குலம். மேல் தோலின் ஓரமாகச் சதுரமாக ஒரு கறை இருந்தது. அது என்ன என்று கேட்டாள்.

மணிபர்ஸ் தடம். ஸ்நேரை அடித்தால் பின்னால் ஒரு ரீங்காரம் நிற்கும். பக்கத்தில் தபேலாவுக்கு வைத்த மைக்கில் அது போய் விழுந்துவிடும். அதனால் பர்ஸை எடுத்துத் தோலின் மேல் வைத்துவிடுவோம். 'டப்' என்று அடங்கிப்போகும். அந்த அடக்கம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அவளை ஒருமுறை பர்ஸோடும் ஒருமுறை இல்லாமலும் அடிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவளே பர்ஸை எடுத்து வைத்தாள்.

2024 ஜூலை 14, ஞாயிறு

எம்.எஸ்.வி. அண்ணா போய் இன்றோடு ஒன்பது வருடம்.

1964ல் எனக்கு ஒன்பது வயது. அப்பா 'சர்வர் சுந்தரம்' படத்துக்கு அழைத்துப்போனார். 'அவளுக்கென்ன' பாட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தையே திரையில் காட்டுவார்கள். டி.எம்.எஸ். பாடுகிறார், எம்.எஸ்.வி. இருக்கிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். பாட்டு என்றால் அதன் பின்னால் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததே அன்றுதான். வீட்டுக்கு வந்து அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தேன்.

அப்புறம் பெரம்பூர் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ-இந்திய மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை நடனங்களுக்கு வாசிப்பவர். கைக்கு முன்னால் காலைப் பழக்கினார். ஆறு மாதம் வெறும் கால் பெடல்தான்.

எம்.எஸ்.வி. அண்ணாவின் குழுவில் டிரம்ஸ் என்றால் நோயல் கிராண்ட். அவர் பெயர் இசைத்தட்டு உறைகளில் இருந்ததில்லை, ஆனால் கோடம்பாக்கத்தில் டிரம்ஸ் கட்டையைக் கையில் எடுத்த ஒவ்வொருவனும் அவரை மனப்பாடமாகக் கேட்டவன்தான். எழுபதுகளின் கடைசியில் எம்.எஸ்.வி. அண்ணாவின் சில பதிவுகளுக்கு பாங்கோஸ் (கையால் தட்டும் இரட்டைச் சிறு மேளம்) வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணா ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடிக் காட்டுவார். அந்தப் பாட்டிலேயே தாளக்காரனுக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். எங்கே நிற்க வேண்டும், எங்கே தள்ள வேண்டும் என்று அவர் குரலே சொல்லிவிடும்.

இன்று சாயங்காலம் முழுக்க அவர் பாட்டுகளை மட்டும் கேட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை.

2024 ஜூலை 15, திங்கள்

மழை. கை மூட்டு வலி. எழுத எதுவும் இல்லை.

2024 ஜூலை 22, திங்கள்

பேத்தி கேட்டாள்: "இளையராஜா சார் எப்படி சொல்லித் தருவார்?"

சொல்லித் தர வேண்டிய வேலையே வராது. அந்த நாட்களில் பிரசாத் ஸ்டுடியோவில் காலை ஏழு மணிக்கு ராஜா சார் வந்துவிடுவார். உட்கார்ந்து எழுதுவார். வயலினுக்கு, புல்லாங்குழலுக்கு, பேஸ் கிட்டாருக்கு என்று எல்லாம் அவர் தலையிலேயே முடிந்து காகிதத்துக்கு வரும். நாங்கள் அவரவர் பகுதியை நோட்டில் எழுதிக்கொள்வோம். அதன் பிறகு ஒத்திகை, பிறகு டேக், அதாவது ஒலிப்பதிவு. மதியத்துக்குள் ஒரு பாட்டு உருவாகியிருக்கும். காலையில் அது இந்த உலகத்திலேயே கிடையாது. அந்த நினைப்பு இப்போதும் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது.

அவருடைய முதன்மை டிரம்மர் புருஷோத்தமன் சார். பிற்பாடு இசை நடத்துநராக நின்று மொத்தக் குழுவையும் கையசைவில் வைத்திருந்தவர். 2020ல் மறைந்தார். நான் இரண்டாம் வரிசைக்காரன். கூடுதல் தாளம் தேவைப்படும் நாட்களில் அழைப்பு வரும். அந்த வரிசையில் இருந்ததே எனக்குப் பெருமை.

டிரம்ஸுக்குத் தனிக் கண்ணாடி அறை. வெளியே நாற்பது பேர் வாசிப்பது காதில் மாட்டிய ஹெட்போனில்தான் கேட்கும். பாடகரும் அதே நேரத்தில் இன்னோர் அறையில் பாடுகிறார். பாலு சார் (எஸ்.பி.பி.) திடீரென்று ஒரு சிரிப்பை வைப்பார், ஒரு சொல்லை இழுத்துவிட்டு அடுத்ததில் வந்து சேர்ந்துகொள்வார். அந்த நேரத்தில் நாம் ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) அசையாமல் பிடித்திருந்தால்தான் அவருக்கு விளையாட இடம் இருக்கும். தபேலாவும் டோலக்கும் பேசும்போது டிரம்ஸ் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேத்தியின் வகுப்பில் ரோல் ரோலாக உருட்டச் சொல்லித் தருகிறார்கள். சரி, அதுவும் வேண்டும். ஆனால் ஸ்டுடியோவில் எங்களுக்குச் சம்பளம் கிடைத்தது உருட்டாமல் இருந்ததற்காக.

ஒருமுறை, வேறோர் இசையமைப்பாளரின் பதிவு. ஐந்தாவது டேக், கடைசிச் சரணமும் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடம். வியர்வையில் கட்டை நழுவி விளிம்பில் பட்டது. 'டக்.' அவ்வளவுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெட்டி ஒட்டுகிற வசதி அப்போது எங்களிடம் இல்லை. யாரும் திட்டவில்லை. வயலின்காரர்கள் வில்லைத் தொடையில் வைத்துக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தார்கள். புல்லாங்குழல்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேரின் மூச்சையும் நான் வீணாக்கிவிட்டேன் என்ற குற்ற உணர்வு இன்னும் போகவில்லை. மறுநாளிலிருந்து விபூதிப் பொட்டலம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன், கைக்குப் பூசிக்கொள்ள.

2024 ஆகஸ்ட் 3, சனி

எண்பதுகளின் நடுவில் தாளம் இயந்திரத்துக்குள் போக ஆரம்பித்தது. லின் டிரம், ரோலண்ட், அறுகோண வடிவ சிம்மன்ஸ் பேட்கள். எனக்கு அவற்றின் மேல் கோபம் கிடையாது. சிம்மன்ஸை நானே ஆசையாக வாசித்திருக்கிறேன். 1992ல் 'ரோஜா' வந்தபோது அந்த ஒலியின் சுத்தத்தைக் கேட்டுவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஆனால் அதற்கு முன்பே வீட்டுத் தொலைபேசி மாதத்துக்கு இரண்டு தடவை அடித்தால் அதிகம் என்றாகியிருந்தது. 1996ல் நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு வருத்தம் வேறு. நாற்பது பேர் ஓர் அறையில் ஒரே மூச்சில் வாசிக்கும்போது தாளம் சரணத்தில் ஒரு மயிரிழை முன்னால் நகரும், பல்லவிக்கு வரும்போது அதுவாக வந்து உட்காரும். யாரும் சொல்லிச் செய்வதல்ல. பழைய பாட்டுக்கு மெட்ரோனோமை (சீராக 'டிக் டிக்' என்று தாளம் காட்டும் கருவி) ஓடவிட்டுப் பேத்தி வாசித்துப் பார்த்தாள். "தாத்தா, பாட்டு தப்பா இருக்கு, ஓடுது" என்றாள். மெட்ரோனோமை அணைக்கச் சொன்னேன். பாடகரை மட்டும் கேட்டு வாசி என்றேன். நாலு தடவை சறுக்கினாள். ஐந்தாவது தடவை அவளும் பாட்டோடு சேர்ந்து ஓடினாள்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஸ்நேரின் கீழ்த்தோல் கிழிந்திருக்கிறது. கம்பிகளும் இரண்டு அறுந்திருக்கின்றன. நாளை மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் வாத்தியக் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மேல் தோலை மாற்ற வேண்டாம், பர்ஸ் தடம் அப்படியே இருக்கட்டும் என்கிறாள் பேத்தி.